உப்பு மட்டும் போட்டுச் சுட்ட கறி

ஊர் ஊராய்ச் சோறு – 11

சென்ற வாரம் வால்விஸ் பே துறைமுகத்தில், ஆயிஸ்டர் சிப்பிகளோடு நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நமீபியாவின் உள்நாட்டுக்குள் போவோம். கடற்கரையிலிருந்து கிழக்கே போகப் போக மணல் தீர்ந்து, கல்லும் முள்ளும் தொடங்கும். மேடேறிக்கொண்டே போனால் 1,650 மீட்டர் உயரத்தில் தலைநகர் விண்ட்ஹோக். வழியெல்லாம் கம்பி வேலி. வேலிக்குள்ளே மாடு மேய்கிறது. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் மாட்டுக்குப் பக்கத்திலேயே ஓரிக்ஸ் என்ற மான் வகையும் வரிக்குதிரையும் மேய்கின்றன.

நமீபியாவுக்குப் போய்வந்தேன் என்று சொன்னால், நம் ஊரில் யாரும் முதலில் பாலைவனத்தைப் பற்றிக் கேட்பதில்லை. “மான்கறி சாப்பிட்டீங்களாமே, கவிச்சி அடிக்காதா?” என்றுதான் கேட்கிறார்கள். கறிக்கடைக்காரர் ஒருவரும் இதையே கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலைத்தான் இந்த வாரம் விரித்து எழுதப் போகிறேன். கறியின் வாடைக்கும் விலங்கின் பெயருக்கும் உள்ள தொடர்பு, நாம் நினைப்பதைவிட மிகச் சிறியது. அது எதைத் தின்றது, உடம்பில் எவ்வளவு கொழுப்பு வைத்திருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக எப்படிச் செத்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்தக் கேள்விக்கு அனுபவத்திலிருந்து பதில் சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே குறைந்துகொண்டே வருகிறார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மானை விடுங்கள், காட்டு முயலும் கௌதாரியும்கூட வலை வைக்கக் கூடாத உயிர்கள். நம் காடுகளில் மிஞ்சியிருப்பது எவ்வளவு என்று பார்த்தால், அந்தச் சட்டம் இன்னும் கண்டிப்பாக நடக்க வேண்டும் என்றே சொல்வேன். கென்யாவும் 1977-இல் வேட்டையைத் தடை செய்தது. நைரோபியில் 1980-இல் திறக்கப்பட்ட கார்னிவோர் உணவகம், பலவகைக் காட்டுக் கறியை மசாய் வாள்களில் கோத்துச் சுட்டு, மேசைக்கு மேசை அறுத்துப் போட்டு உலகப் பெயர் வாங்கியது. 2004-இல் அங்கே காட்டுக் கறி விற்பனையும் நின்றது. இப்போது அந்த வாள்களில் ஏறுபவை வீட்டு விலங்குகளும், பண்ணையில் வளர்ந்த நெருப்புக்கோழியும் முதலையும்தான்.

நமீபியா வேறு வழியில் போனது. தென்மேற்கு ஆப்பிரிக்கா என்ற பெயரில் தென்னாப்பிரிக்காவின் பிடியில் இருந்த காலத்தில், 1967-இல் ஒரு சட்டம் வந்தது. பண்ணை நிலத்தில் திரியும் சில விலங்குகளின் மேல் நிலத்துக்காரருக்கு உரிமை கொடுத்த சட்டம் அது. அதுவரை பண்ணைக்காரர் கண்ணில் ஓரிக்ஸ் என்பது மாட்டின் புல்லைத் திருடித் தின்கிற பிராணி. கண்டால் சுட வேண்டியது. உரிமை வந்ததும் அதுவே வருமானம் ஆனது, வேலிக்குள் எண்ணிக்கை பெருகியது. ஆனால் அன்றைக்குப் பண்ணை நிலம் இருந்தது பெரும்பாலும் வெள்ளையரிடமே. நாடு 1990-இல் விடுதலை பெற்று, 1996-இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் பொது நிலங்களில் வாழும் மக்களுக்கும் அதே உரிமை கிடைத்தது. அவர்கள் ஊர் ஊராகச் சேர்ந்து ‘கன்சர்வன்சி’ என்ற அமைப்புகளைப் பதிவு செய்தார்கள். 1998-இல் முதல் சில அமைப்புகள் தொடங்கின. இன்று 80-க்கும் மேல் இருக்கின்றன. இந்தப் பின்னணி இல்லாமல் அந்த நாட்டில் நான் ஒரு துண்டு காட்டுக் கறியைக்கூட வாயில் வைத்திருக்க மாட்டேன்.

ஒமருரு பக்கத்துப் பண்ணை ஒன்றில்தான் ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. நகரத்து உணவகங்களிலும் ஒரே கம்பியில் நாலைந்து விலங்கின் கறியைக் குத்திக் கொண்டுவந்து தருகிறார்கள். சுற்றுலா வருபவர்களுக்கு அது பிடிக்கும். ஆனால் காளான் கிரீமும் பழச் சாறும் மேலே ஊற்றிய பிறகு நாக்குக்கு என்ன தெரியும்? பண்ணைச் சமையலறையை ஆண்ட அம்மையாரிடம், எல்லாவற்றிலும் ஒரே இடத்துக் கறி வேண்டும் என்று கேட்டேன். முதுகெலும்பை ஒட்டி நீளவாக்கில் ஓடும் தசைதான் அது. அதிகம் உழைக்காத தசை, சவ்வு குறைவு. இரண்டு விரல் கனத்தில் துண்டு போட்டு, கல்லுப்பு மட்டும் தூவி, ஒரே தணலில் சுட்டார். விறகு, கேமல்தார்ன் என்று அங்கே சொல்லும் முள்மரம். நம் வேல மரத்துக்கு உறவு. மெதுவாகப் பற்றி, கனன்று, வெகுநேரம் நிற்கும் விறகு. காட்டுக் கறிக்குப் பக்கத்தில் பண்ணை மாட்டுக் கறியும் டார்ப்பர் செம்மறியின் கறியும் இருக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். தெரிந்த ருசி பக்கத்தில் இருந்தால்தான் தெரியாததை அளக்க முடியும்.

ருசிக்குப் போகுமுன் ஒன்று. ஸ்ப்ரிங்பாக், ஓரிக்ஸ், குடு, ஈலண்ட் என்று நாம் மொத்தமாக மான் என்று சொல்லும் இவற்றுக்கும் நம் புள்ளிமானுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. புள்ளிமானின் கொம்பு விழுந்து முளைக்கும். இவற்றின் கொம்பு ஆடு மாடுகளின் கொம்பைப் போல ஆயுளுக்கும் நிற்பது. இவை ஆடு மாடுகளின் குடும்பத்தைச் சேர்ந்தவை. குடுவும் ஈலண்டும் மாட்டின் கிளையிலேயே வருகின்றன. ஸ்ப்ரிங்பாக், கிண்டியிலும் கோடியக்கரையிலும் நாம் பார்க்கும் வெளிமானின் கிளை. இதை மனதில் வைத்துக்கொண்டு சாப்பிட்டால் நாக்கு சொல்வது ஆச்சரியமாக இருக்காது.

முதலில் ஸ்ப்ரிங்பாக். முழு விலங்கே நாற்பது கிலோ சொச்சம்தான். நார் அவ்வளவு மெல்லியது. கத்தி தானாக இறங்கியது. வெள்ளாட்டுக் குட்டியின் மென்மை இருந்தது, அதன் வாடை இல்லை. கடைசியில் லேசான ஒரு மூலிகைக் கசப்பு. அது புல்லோடு குத்துச்செடிகளையும் கடித்துத் தின்னும் பிராணி. அதன் முதுகில் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் வெள்ளை மயிர் வரிசை ஒன்று உண்டு. துள்ளும்போதும் செத்த உடனேயும் அது விசிறியாக விரியும். அப்போது அங்கிருந்து தேன் மணம் வரும் என்று வேட்டைக்காரர்கள் சொல்கிறார்கள். அந்த மணத்துக்குக் காரணம் தோலில் உள்ள சுரப்பி. கறிக்குள் அது வருவதில்லை.

அடுத்தது ஓரிக்ஸ். நமீபியாவின் அரசு முத்திரையில் நிற்கும் விலங்கு இதுதான். நாள் கணக்கில் தண்ணீர் குடிக்காமல், காட்டுக் கொம்மட்டியையும் கிழங்கையும் கடித்து உயிர் வாழும். வெயிலில் வியர்த்து நீரை வீணாக்காமல் உடல் சூட்டையே பல டிகிரி ஏறவிட்டு, மூளைக்குப் போகும் ரத்தத்தை மட்டும் மூக்கருகே குளிர வைத்து அனுப்பும். இத்தனை கடின வாழ்க்கை வாழ்ந்த விலங்கின் கறி வறட்டுத்தனமாக இருக்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். இருந்ததோ தட்டிலேயே மிகச் சாதுவான ருசி! இளங்கன்றின் கறி என்று கண்ணைக் கட்டிக் கொடுத்தால் நம்புவேன். பண்ணைக்காரர்கள் வீட்டில் அன்றாடம் வேகும் கறி இதுதான் என்பதற்குக் காரணம் புரிந்தது. அலுக்காத ருசி. ஆனால் நினைவில் நிற்கும் ருசியும் இல்லை.

நினைவில் நிற்பது குடு. முறுக்கிய கொம்பும் உடம்பில் வெள்ளைக் கோடுகளும் கொண்ட பெரிய விலங்கு. ஆண் இருநூறு கிலோவுக்கு மேல் போகும். ஆளுயர வேலியை நின்ற இடத்திலிருந்து தாண்டிவிடும், அதனால் எந்தப் பண்ணைக்கும் கட்டுப்படாது. இது இலை தின்னி. புல்லைவிட முள்மரத் தழைதான் இதன் உணவு. கறி ஈரலின் நிறத்துக்குப் பக்கத்தில் போகும் கருஞ்சிவப்பு. கடித்ததும் முதலில் இரும்பு வாசம். பிறகு ஈரலில் கிடைப்பது போன்ற அடர்த்தியான ஒரு சுவை, விழுங்கிய பிறகும் அடித்தொண்டையில் தங்கியது. மிளகோ பூண்டோ எதையும் கேட்காத கறி. அன்றைய தட்டில் எனக்கு முதலிடம் குடுவுக்குத்தான்.

ஈலண்ட் அதற்கு நேர் எதிர். மான் வகைகளிலேயே பெரியது, வயதான ஆண் 900 கிலோவைத் தொடும். காட்டு விலங்கின் கறியில் கொழுப்பு நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் என்ற பொது விதியை மீறி, உடம்புக்குள் கொழுப்புச் சேர்த்து வைக்கும் பிராணி. குறிப்பாக இதயத்தைச் சுற்றி. கலஹாரியின் சான் மக்கள் இந்தக் கொழுப்பைப் புனிதமாகக் கொண்டாடினார்கள். வேறு சான் மக்கள் டிராகன்ஸ்பெர்க் மலைப் பாறைகளில் வரைந்த விலங்குகளில் ஈலண்டுக்குத் தனி இடம் உண்டு. வேறு இறைச்சிக் கொழுப்பே கிடைக்காத வறண்ட நிலத்தில் அது எவ்வளவு பெரிய செல்வம் என்பதை, அந்தத் துண்டைத் தணலிலிருந்து எடுத்துக் கடித்தபோது உணர்ந்தேன். மாட்டுக் கறிக்கு மிக நெருக்கம். பக்கத்தில் இருந்த மாட்டுக் கறியைவிட ஒரு படி மேல் என்றே சொல்வேன்.

வரிக்குதிரை எனக்கு ஒத்துவரவில்லை. கறி மென்மைதான், வாடையும் இல்லை. ஆனால் இனிப்பு. குதிரைக் குடும்பத்துத் தசையில் கிளைக்கோஜன் என்ற மாவுச் சர்க்கரை கூடுதலாக இருக்கும். குதிரைக் கறி சாப்பிடும் ஐரோப்பிய ஊர்களிலும் இந்த இனிப்பைச் சொல்வார்கள். மஞ்சளாக இருக்கும் கொழுப்பும் நாக்கில் எண்ணெயாக நின்றது. புளிப்பும் காரமும் சேர்த்துச் சமைத்தால் நன்றாக வரலாம், உப்பு மட்டும் போதாது.

இப்போது அந்தக் கவிச்சிக் கேள்விக்கு வருவோம். அன்றைய தட்டில் வாடை அதிகமாக அடித்தது எது தெரியுமா? செம்மறி. நாம் வாரா வாரம் வாங்கிச் சாப்பிடும் அதே ஆட்டு வாடை. காட்டுக் கறிகளுக்கு நடுவே வைத்ததும் தூக்கலாகத் தெரிந்தது. ஆட்டின் வாடை இருப்பது அதன் கொழுப்பில். கிளைவிட்ட கொழுப்பு அமிலங்கள் என்று வேதியியலார் சொல்லும் சில பொருள்கள், ஆட்டு இனத்தின் கொழுப்பில் மட்டும் மூக்கில் ஏறும் அளவுக்குச் சேர்கின்றன. வயது ஏற ஏறக் கூடும், விதையடிக்காத கிடாவில் இன்னும் கூடும். கிடாயின் மொச்சை வாடைக்கும் இவைதான் பொறுப்பு. கொழுப்பை முழுதாகச் செதுக்கி எடுத்துவிட்டால் ஆடா மாடா என்று சொல்வதற்கே பலர் திணறுவார்கள். காட்டு விலங்கிடம் அந்தக் கொழுப்பே இல்லை. அப்புறம் ஏன் அதற்குப் போய் வாடை என்று பெயர்?

அதற்கு முன் நிறத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. அந்தப் பண்ணையில் கிடைக்காமல், பின்னால் தென்னாப்பிரிக்காவில் சாப்பிட்டது நெருப்புக்கோழி. பறவைதான், ஆனால் கறியைப் பார்த்தால் மாட்டின் தொடை. பறக்காத பறவைக்கு நெஞ்சுக்கறி என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. மணிக்கு எழுபது கிலோமீட்டர் ஓடும் கால்களில்தான் கறியெல்லாம். இடைவிடாமல் உழைக்கும் தசைக்கு ஆக்ஸிஜன் சேமிப்பு வேண்டும். அந்தச் சேமிப்புப் புரதம் மையோகுளோபின். நடுவில் இரும்பு அணு வைத்திருக்கும். சிவப்பு அதனுடைய நிறம். தட்டில் வடிவதை ரத்தம் என்று நினைத்து முகம் சுளிக்கிறோமே, அது ரத்தம் அல்ல, மையோகுளோபின் கலந்த தண்ணீர். மூச்சை அடக்கிக் கடலின் ஆழத்துக்குப் போகும் திமிங்கிலத்தின் தசை இதனாலேயே கறுத்திருக்கும். கேம்பிரிட்ஜில் ஜான் கெண்ட்ரூ 1958-இல் ஒரு புரதத்தின் முப்பரிமாண வடிவத்தை உலகிலேயே முதன்முறையாகக் கண்டு சொன்னபோது, அவர் எடுத்துக்கொண்டது எண்ணெய்த் திமிங்கிலத்தின் மையோகுளோபினைத்தான். 1962-இல் நோபல் பரிசு வந்தது. குடுவில் நான் உணர்ந்த இரும்பு வாசமும் இந்தப் புரதம் கொடுத்ததே.

நெருப்புக்கோழிக்கு இன்னொரு கதையும் உண்டு. முதல் உலகப் போருக்கு முன் ஐரோப்பியச் சீமாட்டிகளின் தொப்பிக்காக, தென்னாப்பிரிக்காவின் அவுட்ஷோர்ன் ஊரைச் சுற்றி இவற்றை இறகுக்காக வளர்த்தார்கள். தங்கம், வைரம், கம்பளிக்கு அடுத்து அந்நாட்டின் நான்காவது ஏற்றுமதியாக இருந்தது இறகு. 1914-இல் விலை விழுந்து ஊரே நொடிந்தது. கறிக்கும் தோலுக்குமாக அந்தத் தொழில் எழுந்து நின்றது பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான்.

சரி, சாவுக்கு வருவோம். விலங்கு உயிரோடு இருக்கையில் தசையின் அமிலக் காரக் குறியீடு ஏழுக்கு அருகில் இருக்கும். செத்த பிறகும் தசை உடனே நின்றுவிடாது. மிச்சமிருக்கும் கிளைக்கோஜனை எரித்து லாக்டிக் அமிலம் ஆக்கிக்கொண்டே இருக்கும். ஒரு நாளில் குறியீடு 5.5-க்கு இறங்கும். அந்த மெல்லிய புளிப்புதான் கறியைப் பதமாக்குகிறது, கெடாமல் காக்கிறது. ஆனால் விலங்கைத் துரத்தித் துரத்தி, அது மணிக்கணக்கில் ஓடி, காயத்தோடு புதரில் கிடந்து செத்தால்? கிளைக்கோஜன் முழுதும் ஓட்டத்திலேயே எரிந்து போயிருக்கும். அமிலம் ஆக ஒன்றும் மிஞ்சாது. குறியீடு ஆறுக்கு மேலேயே நின்றுவிடும். கறி கறுத்து, இறுகி, கைபட்டால் பிசுபிசுக்கும். கிருமி அதில் சீக்கிரம் பெருகும். அன்று மாலையே வாடை தொடங்கிவிடும்.

குண்டு வயிற்றில் பட்டால் நிலைமை இன்னும் மோசம். குடல் கிழிந்து உள்ளே இருப்பது கறியில் பரவும். குடலை எடுக்காமல் வண்டியின் பின்னால் போட்டு, வெயிலில் ஊர் சுற்றிக் காட்டிவிட்டு வந்தால் மொத்தக் கறியும் போச்சு. காட்டுக் கறி நாறும் என்ற பெயரை உலகம் முழுக்கப் பரப்பியவர்கள் இப்படிப்பட்ட வேட்டைக்காரர்கள். பழி மட்டும் மானுக்கு.

இறைச்சிக்காக ஸ்ப்ரிங்பாக் சுடும் தொழில்காரர்கள் இரவில்தான் போகிறார்கள். விளக்கொளியில் விலங்கு அசையாமல் நின்று பார்க்கும். தலையில் ஒரே குண்டு. பக்கத்தில் நிற்பவையே சில சமயம் கலைவதில்லையாம். உடனே கழுத்தை அறுத்து ரத்தம் வடித்து, குடலை நீக்கி, இரவுக் குளிரிலேயே தொங்கவிட்டு, விடிவதற்குள் குளிர் அறைக்குள் போய்விடும். அந்தப் பண்ணையில் நான் சாப்பிட்ட கறியும் இப்படி வந்ததுதான். அச்சமில்லாமல், வலி அறிவதற்குள் முடிந்த சாவு, நல்ல கறிக்கு முதல் நிபந்தனை. இது இரக்கம் உள்ளவர்கள் சொல்லும் ஆறுதல் மட்டும் அல்ல, அளவு கருவி காட்டும் எண். நம் ஊர்க் கசாப்புக் கூடங்களுக்கு லாரியில் நெருக்கியடித்து, தண்ணீர் காட்டாமல் கொண்டுவரப்படும் மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் இதே கணக்குத்தான் பொருந்தும். அந்த விலங்குகளுக்காக ஒருவர் இரங்கவில்லை என்றாலும், தன் குழம்புக்காகவாவது இதைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஈயக் குண்டு தசைக்குள் நுழைந்ததும் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகச் சிதறும், காயத்திலிருந்து நன்றாகத் தள்ளியும் போய்ப் படியும். ஈயம் குழந்தைகளின் மூளைக்கு நஞ்சு. அதனால் அக்கறையுள்ளவர்கள் செப்புக் குண்டுக்கு மாறிவருகிறார்கள். மற்றவர்கள் காயத்தைச் சுற்றி ஒரு சாணுக்குக் கறியை வெட்டி எறிகிறார்கள்.

தணலுக்கு முன் அந்த அம்மையார் நின்ற விதத்தை எழுதாமல் போக முடியாது. பேச்சே கிடையாது. கறியை விட்டுக் கண் அகலாது. கொழுப்பு இல்லாத கறிக்குத் தவறு பொறுக்கும் குணம் இல்லை. உள்சூடு 55 டிகிரியைத் தாண்டியதும் எடுத்துவிட வேண்டும். அறுபதைக் கடந்தால் தசையைச் சுற்றிய கொல்லாஜன் சவ்வு சுருங்கி, துணியைப் பிழிவது போல உள்ளிருக்கும் சாற்றையெல்லாம் வெளியே தள்ளிவிடும். மாட்டுக் கறியில் ஊடோடும் கொழுப்பு உருகி அந்தக் குறையை மறைக்கும். குடுவில் மறைக்க எதுவும் இல்லை. எல்லாவற்றையும் நன்றாக வேக வைத்தே பழகிய நமக்கு, உள்ளே சிவந்திருக்கும் துண்டு தயக்கம் தரும். எனக்கும் இருந்தது. ஆனால் இந்தக் கறிக்கு அந்தப் பதம்தான். காட்டுப் பன்றி வகையான வார்த்தாக் மட்டும் விலக்கு. அதன் தசையில் உருளைப்புழு இருக்கக்கூடும், முழுதாக வெந்தே தீர வேண்டும்.

அறுபதில் பிழியும் அதே சவ்வு, மூன்று நாலு மணி நேரம் ஈரச் சூட்டில் கிடந்தால் கரைந்து ஜெலட்டின் ஆகிவிடும். அதற்காகத்தான் போய்க்கி என்ற மூன்று கால் வார்ப்பிரும்புப் பானை. குடுவின் முன்னங்கால் கறியும் கழுத்தெலும்பும் அடியில், மேலே காய்கள், கொஞ்சம் தண்ணீர். மூடியைப் போட்டால் கிண்டவே கூடாது. சாயங்காலம் திறந்தபோது எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்றது. அந்தச் சாற்றில் நல்லெண்ணெயில் வறுத்த மிளகும் சீரகமும் விழுந்தால் எப்படி இருக்கும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. முதுகுக்கறியை நம் குக்கரில் போடுவது பாவம். காலும் கழுத்தும் நம் குழம்புக்கென்றே படைக்கப்பட்டவை.

பில்டாங் என்ற உலர்கறியைச் சொல்லாவிட்டால் தென் ஆப்பிரிக்க மண்ணின் கறிக் கதை நிறையாது. பெட்ரோல் பங்கில்கூட விற்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளின் பையில் இருக்கிறது. குடு, ஓரிக்ஸ், ஸ்ப்ரிங்பாக், மாடு எல்லாவற்றிலும் செய்வார்கள். தொடைக்கறியை நார் ஓடும் போக்கிலேயே நீள நீளமாக வெட்டி, வினிகரில் நனைத்து, உப்பும் மிளகும் வறுத்துக் கொரகொரப்பாகப் பொடித்த கொத்தமல்லி விதையும் பூசித் தொங்கவிடுகிறார்கள். கொத்தமல்லி! கேப் முனையில் 1652-இல் டச்சுக்காரர்கள் இறங்கி, கீழை நாடுகளுக்குப் போகும் கப்பல்களுக்குச் சோறும் தண்ணீரும் கொடுக்கும் ஊரை அமைத்தார்கள். அவர்கள் வழி வந்தவர்களின் மாட்டு வண்டியில் பயணப்பட்ட கறி இது. ஈ குறைந்த குளிர்காலத்தில், ஜூன் ஜூலையில், நிழலில் காற்றாட உலர்த்துவார்கள். எடை பாதியாகும்போது தயார். நெருப்பையே பார்க்காமல், அப்படியே நாருக்குக் குறுக்கே சீவித் தின்ன வேண்டியது.

நம் உப்புக்கண்டத்தோடு இதை ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. கிடா வெட்டு முடிந்து மிஞ்சிய கறியை உப்பும் மஞ்சளும் மிளகாயும் தடவி, நூலில் கோத்து, வெயிலில் கல்லாகக் காயவைத்து, பிறகு தட்டி எண்ணெயில் பொரிக்கும் நம் முறை உக்கிரமானது. பில்டாங்குக்கு நிழல், நமக்கு வெயில். அவர்களுக்கு வினிகர், நமக்கு மஞ்சள். பில்டாங்கில் கறியின் சொந்த ருசி மிச்சமிருக்கிறது. குடுவின் இரும்பும் ஸ்ப்ரிங்பாக்கின் மூலிகைக் கசப்பும் காய்ந்த பிறகும் தனித்தனியாகத் தெரிகின்றன. உப்புக்கண்டத்தில் ஆடே வேறொன்றாக மாறிவிடுகிறது. பழைய சோற்றுக்கு எது என்று கேட்டால் யோசிக்காமல் உப்புக்கண்டம் என்பேன்.

இதுவரை எழுதியதெல்லாம் வேலி போட்ட பண்ணைகளின் கறி. நமீபியாவில் பாதிக்கு மேற்பட்ட மக்கள் வசிப்பது அங்கே அல்ல, வடக்கே. நாட்டின் குறுக்கே ஒரு கால்நடைத் தடுப்பு வேலி ஓடுகிறது. சிவப்புக் கோடு என்று பெயர். 1896–97-இல் மாடுகளை வாரிக்கொண்டு போன ரிண்டர்பெஸ்ட் கொள்ளைநோயைத் தடுக்க ஜெர்மானியர்கள் ஆட்சியில் தொடங்கிய காவல் வரிசை, பின்னால் கோமாரி நோய்க்கான வேலியாக நிலைத்தது. தெற்கிலிருந்து மாட்டுக் கறி ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறுகிறது. வடக்கின் கறியோ கோட்டைத் தாண்டித் தெற்கே வருவதற்கே கட்டுப்பாடு. நோய்க்குப் பயந்து போட்டதுதான் என்றாலும், வெள்ளையர் பண்ணையை ஒரு பக்கமும் கறுப்பர் ஊர்களை மறுபக்கமும் நிறுத்திய கோடு அது. விடுதலைக்குப் பின் இத்தனை ஆண்டுகள் கழிந்தும் வடக்கு விவசாயியின் மாட்டுக்கு நல்ல விலை இல்லை. இதை அநியாயம் என்று சொல்லாமல் என்னால் கடந்து போக முடியவில்லை.

வடக்கில்தான் அந்தக் கன்சர்வன்சிகளில் பலவும் இருக்கின்றன. ஆண்டுக்கு இத்தனை விலங்கு என்று அரசு அனுமதிக்கும் எண்ணிக்கைக்குள் சுட்டு, கறியை உறுப்பினர் வீடுகளுக்குப் பங்கிடுகிறார்கள். ராத்திரியில் சோளக் கொல்லைக்குள் யானை புகுந்து அழித்துவிட்டுப் போவதைச் சகித்துக்கொண்டு வாழ்பவர்கள் அவர்கள். அந்தப் பங்கு அவர்களுக்குச் சேர வேண்டியது.

2024-இல் நூறாண்டு காணாத வறட்சி வந்தது. நாட்டில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு உணவுத் தட்டுப்பாடு என்று ஐ.நா. எச்சரித்தது. அந்த ஆகஸ்டில் அரசு 723 விலங்குகளைச் சுட்டுக் கறியை மக்களுக்குக் கொடுக்கப்போவதாக அறிவித்தது. வரிக்குதிரை 300, ஈலண்ட் 100, நீலக் காட்டுமான் 100, யானை 83, காட்டெருமை 60, இம்பாலா 50, நீர்யானை 30. அறிவிப்பு வந்தபோதே 150-க்கும் மேற்பட்டவற்றைச் சுட்டு 56,000 கிலோவுக்கு மேல் கறி சேர்த்திருந்தார்கள். உலகம் முழுவதிலிருந்தும் கண்டனம் எழுந்தது. யானையைச் சுடுவது எனக்கும் நெஞ்சில் குத்துகிறது. ஆனால் வயிறு நிறைந்த ஊர்களில் உட்கார்ந்துகொண்டு, பசித்திருக்கும் ஊரின் சட்டியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் உரிமை நமக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை. தங்கள் காட்டு விலங்குகளை இத்தனை காலம் அழியாமல் பெருக்கி வைத்திருந்த மக்கள் அவர்கள்.

வடக்கில் குளிர்பெட்டி இல்லாத ஊர்கள் நிறைய. பங்கு வந்த அன்றே ஒரு பகுதி பானைக்குப் போகும், மிச்சத்தைக் கீற்றாக வெட்டி மரக் கொம்புகளில் காயப் போடுவார்கள். வினிகரும் கிடையாது, கொத்தமல்லியும் கிடையாது. அந்தக் காய்ந்த கறியை வேக வைத்து அவர்கள் தொட்டுக்கொண்டு சாப்பிடுவது மஹாங்குக் களியோடு. மஹாங்கு வேறு எதுவும் இல்லை, நம் கம்புதான். ஒஷக்காட்டிச் சந்தையில் கம்பு இடித்துக் களி கிண்டும் பெண்களோடு அடுத்த வாரம் உட்காருவோம்.